வன்னியில் திரைக்கோலம்



ஆடை அணிகளைப் பற்றிப் பேசுவது வரலாற்றுப் பேச்சாகுமா என்று உங்களிற் சிலர் ஐயுறுதல் கூடும். அரசர்தம் போர்களையும், குளங்கள் கட்டப்பட்ட காலத்தையும், கல்வெட்டுகளின் வாசகத்தையும் வரலாறு என்று கேட்டுப் பழகிய நமக்கு, ஒரு பெண்ணின் இரவிக்கைக் கை தோளிற் பொங்கி நின்றதா, முழங்கை வரை ஒட்டிக் கிடந்ததா என்று ஆராய்வது சிறுபிள்ளை வேலையாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும், மக்கள் எதனைப் பார்த்து ஆசைப்பட்டார்கள், அந்த ஆசையைத் தம் கைப்பொருளுக்குள் எவ்வாறு அடக்கிக்கொண்டார்கள் என்பதை அறிவதற்கு உடையைப் போல் உதவும் சான்றுகள் மிகச் சிலவே. வன்னிப் பெருநிலத்தைப் பொறுத்த வரையில் அந்தச் சான்று மற்ற இடங்களை விட அரிதாகிவிட்டது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

இக்காலத்து மணவிழாக்களுக்குச் செல்வோர் ஒரு புதுமையைக் காண்கின்றனர். மணமகளின் தங்கையரும் தோழியரும், சில வேளைகளில் மணமகளே வரவேற்பு வைபவத்திலும், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்திய கோலத்தில் வந்து நிற்கின்றனர். தோளிற் பொங்கிய குறுங்கை இரவிக்கை, அகன்ற கரையிட்ட சேலை, நடுவகிடு எடுத்து இரு பக்கமும் அலையலையாகப் படிய வாரிய கூந்தல், பிடரியிலே தாழ்ந்து கிடக்கும் கொண்டை, அதனைச் சுற்றி மல்லிகைச் சரம், கடைக்கண்ணுக்கு வெளியே மீன்வால் போல இழுத்துவிட்ட மை. இளைஞர் இதனை ‘ரெட்ரோ’ என்று அழைக்கின்றனர். பழைய மாதிரி என்று சொன்னால் துணியின் விலை இறங்கும். ரெட்ரோ என்று சொன்னால் ஏறும்.

இந்த விருப்பத்துக்கு ஒரு திரைப்படமும் துணை செய்தது. நடிகை சாவித்திரியின் வாழ்க்கை 2018 ஆம் ஆண்டிலே தெலுங்கில் ‘மகாநடி’ என்றும் தமிழில் ‘நடிகையர் திலகம்’ என்றும் படமாக வெளிவந்தது. சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷுக்குச் சிறந்த நடிகைக்கான இந்தியத் தேசிய விருது கிடைத்தது. உடையலங்காரம் செய்தவர்களுக்கும் தனியே ஒரு தேசிய விருது கிடைத்தது. பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மறைந்த ஒருவரின் சேலைகளை மறுபடியும் நெய்தும் தைத்தும் உருவாக்கிய உழைப்புக்கு அது தக்க பரிசே. இன்று கைத்தொலைபேசி இருக்கும் இடமெல்லாம் அந்தக் கோலம் செல்கின்றது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் அது வந்து சேர ஒரு கணம் போதும். முன்னொரு காலத்தில் அதே கோலம் அதே ஊர்களுக்கு எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சுற்றி வந்து சேர்ந்தது என்பதே இன்று நான் சொல்ல விரும்பும் கதை.

ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான நூலொன்றை 1895 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்தக் காலத்து வன்னி காடும் குளமும் காய்ச்சலும் மிகுந்து, மக்கள் தொகை குறைந்து கிடந்த நிலம். அங்கு உழைத்த பெண்கள் உடுத்தது பெரும்பாலும் தையல் படாத துணி. மார்புக்குக் குறுக்கே இழுத்துச் செருகும் குறுக்குக்கட்டு வயலுக்கும் வெயிலுக்கும் பொருத்தமானது. இரவிக்கை அணியாமலே வாழ்ந்து முடித்த பாட்டிமாரைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உளர். தையல் என்பது இங்கு பள்ளிக்கூடத்தோடு வந்த கலை. ஆனையிறவுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தின் உடுவிலிலே அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் மகளிர் பாடசாலையைத் தொடங்கிய பின்னர், ஊசியும் நூலும் பெண் கல்வியின் ஒரு பகுதியாயின. அந்தப் பழக்கம் ஏரியைக் கடந்து தெற்கே வர நெடுங்காலம் எடுத்தது.

அதனால், அலங்காரம் என்பதை வன்னி மக்கள் அறியாதிருந்தனர் என்று கொள்ளலாகாது. முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்து வழிவழியாக ஆடப்பட்டு வந்தது. மின்னும் தாளும் கண்ணாடித் துண்டும் மணியும் பதித்த கூத்து உடையைத் தீவட்டி வெளிச்சத்திற் கண்ட கண்ணுக்குப் பகட்டு என்றால் என்னவென்று தெரியும். ஆனால் அது அரங்கத்தின் உடை; விடிந்தால் பெட்டிக்குள் வைக்கப்படும். மாதவியைப் போல உடுத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் குளத்துக்கு நீரள்ளப் போகவில்லை. அரங்கத்தில் நிற்பவளைப் போல நாமும் உடுக்கலாம் என்ற எண்ணம் திரைப்படத்தோடு வந்தது. இது சிறிய மாற்றம் அன்று.

திரைப்படம் தந்த சேலைக்கோலமும் தன்னளவிற் கலப்பானதே. இரவிக்கையும் உட்பாவாடையும் சேர்த்து முன்புறம் மடிப்பு வைத்துச் சேலை உடுக்கும் முறையை 1860களின் பின்னர்ப் பரப்பியவர்களுள் வங்காளத்துத் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி முதன்மையானவர். அவரும் அவர்போன்றோரும் அணிந்த கைகளிலே விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பெண்களின் சட்டைக் கையின் சாயல் உண்டு. இரவிவர்மாவின் அச்சகம் 1894 இல் தொடங்கப்பட்ட பின்னர், சேலையுடுத்த இலக்குமியும் சரஸ்வதியும் தமிழ் வீடுகளின் சுவர்களில் ஏறினர். 1931 இல் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளிவந்து, ரி. பி. ராஜலக்ஷ்மி திரையிலே தோன்றியபோது, பார்ப்போர் கண் ஏற்கெனவே பழக்கப்பட்டிருந்தது.

அதற்கடுத்த ஆண்டில், 1932 இல், அமெரிக்காவிலே ‘லெற்றி லின்ற்றன்’ என்னும் படத்தில் ஜோன் குரோபர்ட் என்ற நடிகை தோள் முழுவதும் பொங்கி விரிந்த கைகளையுடைய வெண்ணிற உடையொன்றை அணிந்தார். ஏட்ரியன் என்னும் கலைஞர் வகுத்தது அது. அந்நாட்டுக் கடைகளிலே அதன் போலிகள் மலிந்தன. திரையில் ஓர் உடை தோன்றினால் கடையிலே அது விற்கும் என்று வணிகர் உறுதியாக அறிந்துகொண்டனர். பம்பாயும் சென்னையும் இதனைக் கற்கப் பின்னிற்கவில்லை. லீலா சிட்னிஸ் 1941 இல் லக்ஸ் சவர்க்காரத்தின் விளம்பரத்திலே தோன்றியதன் பின்னர், நடிகையின் முகமே ஒரு பண்டமாயிற்று. ஆக, நம் அம்மம்மா காலத்துத் தமிழ்ப் பண்பாட்டு உடை என்று இன்று நாம் உருகி நோக்கும் அந்தப் பொங்கிய கை வங்காளத்தையும் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் சுற்றிக்கொண்டு வந்தது. இதனை இழிவாகக் கூறவில்லை. நெல்லும் மிளகாயும் கூட எங்கெங்கோ பயணம் செய்து வந்தவையே.

வன்னிக்கு அது வந்த வழியை இனிப் பார்ப்போம். வடக்குப் புகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டில் முற்றுப்பெற்று, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்னும் ஊர்களைக் கொழும்போடும் யாழ்ப்பாணத்தோடும் இணைத்தது. முல்லைத்தீவுக்கு இருப்புப் பாதை இல்லை. மாங்குளத்தில் இறங்கிக் கிழக்கே ஏறக்குறைய முப்பது மைல் போக வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதற் கப்பற் சேவை நடைபெற்றது. ‘பேசும் படம்’ போன்ற சென்னைச் சஞ்சிகைகளும், பாட்டுப் புத்தகங்களும், நடிகர் படம் அச்சிட்ட நாட்காட்டிகளும் கடல் கடந்து இலங்கைக்கு வந்தன. ஒரு சஞ்சிகை ஒரு வீட்டுக்கு வந்தால் அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒழுங்கை முழுவதும் சுற்றி, அட்டை கிழிந்து, நடுப்பக்கத்து நடிகை படம் எவரோ ஒருவருடைய பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டு ஓய்வடையும்.

கண்ணுக்கு முன்னே காதுக்குத்தான் வன்னியில் திரைப்படம் முதலில் வந்தது என்று துணிந்து கூறலாம். 1952 இல் அகில இந்திய வானொலி திரையிசையை ஏறத்தாழ ஒதுக்கிவிட்டது. அப்போது இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அந்தப் பாட்டுகளையெல்லாம் வாரி வழங்கியது. எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளரின் குரல் கடலுக்கு அப்பாலும் வீட்டுக்கு வீடு அறிமுகமாயிற்று. வானொலிப் பெட்டி உள்ள கடை வாசலிலே கூடி நின்று பாட்டைக் கேட்டவர்களுக்கு, அந்தப் பாட்டைப் பாடும்போது பத்மினி என்ன உடுத்திருந்தாள் என்று தெரியாது. பட்டினத்துக்குப் போய் வந்தவர் யாரேனும் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்லும் ஒருத்தியின் வாக்கிலே ஒரு கொண்டை சற்று உயர்ந்துவிடும். ஒரு கை சற்றுப் பெருத்துவிடும். வன்னிப் பெண்கள் தைத்துக்கொண்ட இரவிக்கைகளிலே பல இவ்வாறு சொற்கேட்டுத் தைக்கப்பட்டவை.

இன்னுமொன்று. அக்காலத்துப் படங்களிற் பெரும்பாலானவற்றில் நிறம் இல்லை. முழு நீள வண்ணத் தமிழ்ப் படமாக ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்ததே 1956 இலேதான். ‘மிஸ்ஸியம்மா’விலும் ‘கல்யாண பரிசு’விலும் நடிகையர் உடுத்த சேலைகளின் நிறம் யாது? பார்த்தவர் எவருக்கும் தெரியாது. உருவத்தைத் திரை தந்தது. நிறத்தை அவரவர் விரும்பியபடி வைத்துக்கொண்டனர். எனவே, ஒரே படத்தைப் பார்த்த இருவரில் ஒருத்தி கிளிப்பச்சையும் மற்றொருத்தி செங்கல் நிறமும் வாங்கி, இரண்டும் அந்த நடிகையின் சேலையே என்று சாதிக்கக் கூடியதாயிருந்தது. இன்றைய ரெட்ரோ விருப்பத்திலே ஒரு பிழையை நான் காண்கிறேன். பழைய நிழற்படங்கள் மங்கலாக இருப்பதால், பழைய காலமே மங்கலாயிருந்தது என்று எண்ணி, சாம்பலும் சந்தனமுமாக வெளுத்த நிறங்களையே நாடுகின்றனர். நிறம் மங்கியது படத்தாளில். உடுத்தவர்களின் மேல் அன்று.

ஆடவரை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டா. எம். கே. தியாகராஜ பாகவதர் பிடரியிற் புரள விட்ட தலைமயிர் ‘பாகவதர் கிராப்பு’ என்ற பெயரோடு தமிழ் கூறும் ஊர்களெங்கும் பரவியது. அவர் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944 இல் வெளிவந்து சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதிலே உடன் நடித்த ரி. ஆர். ராஜகுமாரியின் வில்லாக வளைத்த புருவமும் கன்னத்திற் சுருண்ட மயிரும் பெண்களிடையே பேச்சாயின. அதே ஆண்டின் இறுதியிலே பாகவதர் கொலை வழக்கொன்றிற் கைதாகி, 1947 இல் விடுதலையடைந்தார். அவருடைய புகழ் பின்னர் எழவில்லை. ஆனால் அவருடைய கிராப்பு நெடுங்காலம் தளர்ந்த தலைகளின் மேல் இருந்தது. இங்கே ஈழத்திலும் ஒரு நட்சத்திரம் எழுந்ததைச் சொல்ல வேண்டும். 1947 இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும் படத்தை எடுத்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அதன் நாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். அவருடைய சேலைக்கட்டையும் கூந்தலையும் இலங்கையின் எல்லா இனப் பெண்களும் நோக்கினர்.

வன்னியே அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. இரணைமடுக் குளத்து நீரை நம்பி, 1930களிலிருந்து கிளிநொச்சியிலே குடியேற்றங்கள் எழுந்தன. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவை அடக்கிய பின்னர், காட்டை வெட்டிக் குடியிருக்க மக்கள் துணிந்தனர். தீவுப்பகுதியிலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் வந்தவர்கள், தங்கள் ஊர்ப் பழக்கத்தோடு தையல் இயந்திரத்தையும் கொண்டுவந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியைமாரும் தாதிமாரும் இதிலே வகித்த பங்கு பெரிது என்பது என் கருத்து. விடுமுறைக்கு ஊர் சென்று, பட்டினத்திலே படம் பார்த்துத் திரும்பும் ஆசிரியை, வகுப்பிலே இலக்கணம் கற்பித்த நாற்பது நிமிடமும் பின்வாங்கு மாணவியர் அவருடைய கொண்டையையே கற்றுக்கொண்டிருந்தனர். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுதும் திரளும்போது, அவ்வாண்டின் புதிய கோலங்கள் யாவும் ஒரே இரவில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் படமாளிகைகள் எழுந்த பின்னரும், மணற்றரையிலே விளக்கொளியிற் கூடும் அந்தப் பெருங்கூட்டத்துக்கு ஈடான கண்காட்சி வேறு இருக்கவில்லை.

வயலிலே வேலை செய்பவள் நடிகையைப் போல அப்படியே உடுக்க இயலாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வெரோனிகா லேக் என்ற நடிகையைப் பின்பற்றி ஒரு கண்ணை மறைக்கும்படி கூந்தலைத் தொங்கவிட்ட பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளிலே அதே கூந்தலோடு வேலைக்கு வந்தனர். இயந்திரத்திலே மயிர் சிக்கும் என்று அஞ்சிய அரசாங்கத்தின் வேண்டுகோளின் பேரில், அந்த நடிகையே தம் கூந்தலை ஒதுக்கிக் கட்டினார். வன்னியிலே அவ்வாறு வேண்டிக்கொள்ள அரசாங்கம் எதுவும் வரவில்லை. நாற்று நடும் பெண்ணே தன் கொண்டையை இறுக்கிக்கொண்டாள். சாதனா என்ற இந்தி நடிகை 1960 இல் நெற்றியிற் கத்தரித்துவிட்ட மயிரோடு தோன்றியதும், இந்தியாவெங்கும் அதுவே பேச்சாயிற்று. வன்னியிலே அது பள்ளிச் சிறுமியரோடு நின்றுவிட்டது. தேர்ந்து எடுத்தலும் தள்ளுதலும் இங்கே நடந்தன. கண்ணை மூடிக்கொண்டு எவரும் எதனையும் ஏற்கவில்லை.

இந்தக் கோலங்களெல்லாம் நின்று நிலைத்த இடம் ஒன்று உண்டு. அதுதான் ஸ்ரூடியோ. மணம் பேசுவதற்கும், மணம் முடிந்த பின்னும், முதற் பிள்ளைக்கு ஒரு வயது ஆனபோதும் குடும்பத்தார் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சென்று படம் எடுத்தனர். பின்னாலே மாளிகையும் பூங்காவும் எழுதிய திரை. பக்கத்திலே பூச்சாடி வைத்த உயர்ந்த முக்காலி. மணமகனுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அங்கேயே இரவல் கிடைக்கும். முகத்தைச் சற்றுத் திருப்பி, பார்வையை எங்கோ வைக்கும்படி படமெடுப்பவர் சொல்லுவார். அது ‘பேசும் படம்’ அட்டையிலிருந்து அவர் கற்ற பாடம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கன்னத்திலும் சேலையிலும் கையால் நிறம் தீட்டித் தருவதும் உண்டு. வாழ்நாளிலே ஒரே ஒரு முறை ஒரு பெண் நடிகையைப் போல நின்ற அந்த நிமிடம், கண்ணாடிச் சட்டத்துக்குள் நடு வீட்டிலே தொங்கியது.

1970 ஆம் ஆண்டு வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வாராமையால், அவற்றைப் பயிரிட்ட வடபகுதி விவசாயிகளின் கையிலே முன்னொருபோதும் காணாத பணம் புரண்டது. கிளிநொச்சியிலும் விசுவமடுவிலும் படித்த இளைஞர்கள் கூட மிளகாய்த் தோட்டம் செய்யக் காட்டுக்குள் வந்தனர். ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு கடைக்குப் போனால் இந்தியச் சேலை இல்லை! மிளகாயைத் தடுத்த அதே சட்டம் சேலையையும் தடுத்தது. இந்தியச் சஞ்சிகைகளின் வரவும் குறைக்கப்பட்டது. படங்களின் இறக்குமதி 1972 இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குச் சென்றது. வடகரைத் துறைகளுக்கு இரவிலே வந்த வள்ளங்களிற் சேலைக் கட்டுகளும் இருந்தன என்பதை அக்காலத்து மக்கள் மறைத்துப் பேசுவதில்லை. அவ்வழியே கிடைத்த கூறைச்சேலையை உடுத்து மணம் முடித்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றனர்.

இவ்வாறு புதியன வருவது தடைப்பட்டதால், பழைய கோலம் வன்னியிலே சில காலம் கூடுதலாக வாழ்ந்தது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டிலே பெண்கள் அடுத்த நடிகையின் பாணிக்குச் சென்றுவிட்ட பின்னரும், இங்கே தையற்காரியின் கையிலே சாவித்திரியும் சரோஜாதேவியுமே ஆட்சி செய்தனர். 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறக்கப்பட்டதும், சேலைகள் வந்து குவிந்தன. மிளகாயும் வந்து குவிந்தது. தோட்டக்காரரின் பணம் வற்றியது. சேலை இல்லாதபோது பணம் இருந்தது. சேலை வந்தபோது பணம் இல்லை. அதே ஆண்டின் இனக் கலவரத்திலே மலையகத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்த குடும்பங்கள், உடுத்த துணியோடு வந்தவை. அவர்களுக்கு இந்தப் பேச்சே வேடிக்கையாயிருந்திருக்கும்.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே கூறுகிறேன்; நேயர்கள் அறியாததன்று. 1990 இன் பின்னர் வன்னியின் பெரும்பகுதியிலே மின்சாரம் இல்லை. மின்கலங்களுக்கும் எரிபொருளுக்கும் தடை இருந்தது. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் எழும் மின்சாரத்திலே மற்றவர்கள் வானொலி கேட்டனர். திரைப்படம் மீண்டும் காதுக்குரியதாயிற்று! 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களிற் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். 1996 இல் கிளிநொச்சி மக்கள் ஊரை விட்டு ஓடினர். 2002 இல் ஏ-9 வீதி திறந்தபோது திரும்பி வந்து வீடுகளைத் திருத்தினர். 2008 இலும் 2009 இலும் ஓட்டம் மீண்டும் நிகழ்ந்தது. கிழக்குக் கடற்கரை வரை ஓடி, எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தனர்.

ஒவ்வோர் ஓட்டத்திலும் எதனை எடுப்பது, எதனை விடுவது என்ற கேள்வி எழுந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்று, காணி உறுதி, ஒரு பிடி நகை, அரிசி. சுவரிலே தொங்கிய கண்ணாடிச் சட்டம் பாரமானது. சிலர் படத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பைக்குள் வைத்தனர். அது மழையிலே ஒட்டி உரிந்தது. சிலர் ஏனத்துக்குள் இட்டு மண்ணிலே புதைத்தனர்; திரும்பி வந்தபோது இடம் தெரியவில்லை. வன்னியிலே உடையின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்குச் சான்று அரிது என்று தொடக்கத்திற் கூறியது இதனாலேதான். மற்ற ஊர்களிலே அலமாரியைத் திறந்தால் அம்மம்மாவின் மணக்கோலம் இருக்கும். இங்கே ஆயிரமாயிரம் வீடுகளில் அது இல்லை. கனடாவிலோ இலண்டனிலோ உள்ள சகோதரிக்கு எப்போதோ அனுப்பிய பிரதி ஒன்று அகப்பட்டால் அது பெரும் பேறு.

படம் இல்லாத இடத்திலே திரை வந்து அமர்ந்துகொள்ளும். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனை நேரிற் கண்டு எழுதிய ஓவியம் நம் கையில் இல்லை. ஆனால் அவன் உருவம் நமக்கெல்லாம் மனப்பாடம். வவுனியா நகரிலே நிற்கும் அவனுடைய சிலையை நோக்குங்கள். நாடக மேடையும் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ போன்ற 1959 ஆம் ஆண்டுப் படங்களும் நம் கண்ணுக்குக் கற்பித்த மன்னர் கோலம் அங்கே எனக்குத் தோன்றுகிறது. மன்னனுக்கு நேர்ந்ததே அம்மம்மாவுக்கும் நேர்கிறது. வேறுபாடு ஒன்றுண்டு. மன்னனைக் கண்டவர் எவரும் இன்று இல்லை. அம்மம்மாவைக் கண்டவர்கள் இன்னும் இருக்கின்றனர்.

சில காலத்துக்கு முன்னர்க் கிளிநொச்சியிலே பெண்ணொருவர் நடத்தும் சிறிய தையற் கடையொன்றிலே வேறு அலுவலாகக் காத்திருந்தேன். மணப்பெண் ஒருத்தி வந்து, கைத்தொலைபேசியிலே ஒரு படத்தைக் காட்டி, அதிலுள்ளபடி இரவிக்கை தைக்க வேண்டும் என்றாள். கடைக்காரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இதார் பிள்ளை, உங்கட அம்மம்மாவே?”

“இல்லை அக்கா, இது சாவித்திரி. அம்மம்மான்ர படம் ஒண்டும் எங்களிட்ட இல்லை. அம்மம்மாவும் தன்ர கலியாணத்துக்கு உப்பிடித்தான் கை வைச்சுத் தைச்சவ எண்டு அம்மா சொன்னவ.”

கடைக்காரி சற்று நேரம் பேசவில்லை. பின்னர் கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அப்ப அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும். அவவிட்டக் கேட்டுத் தைப்பம்” என்றார்.

தாய் வெளியே முச்சக்கர வண்டியிலேதான் இருந்தார். உள்ளே வந்தார். சாவித்திரியின் படத்தைக் காட்டியபோது, கை இவ்வளவு பெருக்கவில்லை என்றார். கரையிலே ஒரு விரலளவு பட்டி இருந்தது என்றார். அந்தப் பட்டியைப் பிடித்துக்கொண்டுதான் சிறு வயதிலே தாம் உறங்கியதாகவும் சொன்னார். நீளம் எவ்வளவு என்று கடைக்காரி கேட்டார். தாய் மகளின் கையைப் பிடித்து, முழங்கைக்கு மேலே தம் நான்கு விரல்களையும் கிடையாக வைத்து அளந்து, “இவ்வளவு” என்றார். கடைக்காரி அந்த இடத்திலே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டார்.